பிறந்த வீட்டின் விலை



தகப்பனார் மறைந்த வீட்டிலே எதை வேண்டுமானாலும் பேசலாம். பந்தல்காரன் கேட்ட கூலியைப் பேசலாம். பதினாறாம் நாள் விருந்துக்கு எத்தனை இலை போடுவது என்று பேசலாம். கோடித்துணி கொண்டுவராத சம்பந்தியைப் பற்றி, பிணம் எடுக்குமுன்பே முணுமுணுக்கலாம். புரோகிதர் வந்துபோகும் வீடானால், பசுவுக்குப் பதிலாக அவர் பெற்றுக்கொண்ட ரொக்கம் போதுமா போதாதா என்று வழக்காடலாம். இவை யாவும் முறை. இவை யாவும் மரபு. ஆனால், அந்த வீட்டிலே பிறந்து வளர்ந்த மகள், முப்பது நாள் பொறுத்திருந்து, மெல்லிய குரலிலே, "இந்த வீடு என்ன பெறும் அண்ணா?" என்று கேட்டுவிட்டால் போதும், கூடம் முழுவதும் கல்லாய்ச் சமைந்துவிடும்! "அப்பா கண்ணை மூடி ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் விலை பேச வந்துவிட்டாளே" என்று பெரியம்மா பெருமூச்செறிவார். "பாசம் செத்துப்போய்விட்டது" என்று சித்தப்பா தீர்ப்பளிப்பார். அண்ணன் ஒன்றும் பேசமாட்டான். பேச வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. சாவி அவனிடம் இருக்கிறது.

இறந்தவர் விட்டுச்சென்ற வீட்டுக்கு மதிப்புப் போடுவது அறமா, அறம் அல்லவா என்பதுதான் இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி. வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியதை ஏட்டிலே எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். சட்டம் சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, தோழர்களே! சட்டம் சொன்ன பிறகும் சார்பதிவாளர் அலுவலகத்து வாயிலிலே நாள்தோறும் தங்கைமார்கள் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறார்களே, அது ஏன்? சட்டத்துக்கு எட்டாத ஓரிடத்திலே ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு அவர்கள் கையைப் பிடித்து எழுதவைக்கிறது. அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தப் பாசவாதத்தை எடுத்துக்கொள்வோம். "பெற்றோர் வாழ்ந்த வீடு, அவர்கள் வியர்வையிலே எழுந்த சுவர், அதை ரூபாயிலே அளப்பதா?" கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே சுவரை அதே அண்ணன் எத்தனை முறை ரூபாயிலே அளந்திருக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். மாடி கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, மதிப்பீட்டாளரை வீட்டுக்கு அழைத்துவந்து, காப்பி கொடுத்து, "கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டபோது வீடு விலைப்பொருளாக இருந்தது. வாடகைக்கு விட்டபோது, முன்பணம் வாங்கியபோது, மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலே "சொந்த வீடு, நல்ல இடத்திலே, இன்றைக்கு இத்தனை இலட்சம் போகும்" என்று பெருமை பேசியபோது வீடு விலைப்பொருளாகத்தான் இருந்தது. தங்கை கேட்கும்போது மட்டும் திடீரென்று அது கோவிலாகிவிடுகிறது! மற்ற நாளெல்லாம் விலை இருந்து, பங்கு கேட்கும் நாளன்று மட்டும் விலை மறைந்துபோகும் பொருள் உலகத்திலே வேறு எதுவும் இல்லை.

ஆகவே, "விலை பேசாதே" என்பது எல்லோருக்கும் பொதுவான விரதம் அன்று. உள்ளே இருப்பவன் வெளியே இருப்பவளுக்கு விதிக்கும் விரதம். விலை தெரியாதவரை, கொடுப்பது எவ்வளவாக இருந்தாலும் அது கொடை. விலை தெரிந்துவிட்டால், கொடுப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் கடன். கொடையாளியாக இருப்பது இனிக்கிறது. கடனாளியாக இருப்பது கசக்கிறது. இந்தக் கசப்பைத்தான் பாசம் என்ற தேனிலே குழைத்துத் தருகிறார்கள்.

இந்தத் தந்திரம் தனிமனிதர் கண்டுபிடித்தது என்று எண்ணிவிடாதீர்கள். சட்டமே இதைச் செய்தது. 1916-ஆம் ஆண்டிலே திருவாங்கூர் அரசு கிறித்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் இயற்றிற்று. அதன்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்திலே மகளுக்கு உரியது மகன் பங்கிலே நாலில் ஒன்று, அல்லது ஐயாயிரம் ரூபாய். இரண்டிலே எது குறைவோ அது! தோட்டம் எத்தனை காணி, தென்னை எத்தனை நூறு, வீட்டிலே எத்தனை அறை என்று எவரும் அளந்து பார்க்க வேண்டியதில்லை. மகளின் விலையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்ட பிறகு வீட்டின் விலை எதற்கு? எழுபது ஆண்டு கழித்து, 1986-இலே, மேரி ராய் என்ற அம்மையார் தொடுத்த வழக்கிலே உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்கு இனி இடமில்லை என்று கூறிற்று. வழக்காடி வென்ற அவரும் பழிச்சொல்லுக்குத் தப்பவில்லை.

இந்துக்களுக்கென்று வந்த சட்டத்தின் கதை இதைவிடச் சுவையானது. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்து கொண்டுவந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா, பெண்ணுக்குச் சொத்தா என்று குமுறிய வைதிகர்களாலே முடக்கப்பட்டது. 1951-இலே அவர் பதவியை விட்டு வெளியேறினார். பின்னர் துண்டு துண்டாக வந்த சட்டங்களிலே ஒன்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியச் சொத்திலே மனைவிக்கும் தாய்க்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 8-ஆவது பிரிவு கூறிற்று. நல்லது என்று கைதட்டினார்கள். கைதட்டிய கை ஓய்வதற்குள் 23-ஆவது பிரிவைப் பாருங்கள்! குடும்பத்தார் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள மனம் வைக்கும்வரை பெண் வாரிசு பாகம் கேட்கக் கூடாது. மகளுக்குப் பங்கு உண்டு, கேட்க உரிமை இல்லை. பசித்தவனுக்குப் படத்திலே சோறு! மகள் அங்கே வந்து தங்கலாமா என்றால், தங்கலாம், எப்போது? திருமணம் ஆகாதிருந்தால், கணவன் கைவிட்டிருந்தால், கணவனைப் பிரிந்திருந்தால், கைம்பெண்ணாகிவிட்டால்! தன் வீட்டிலே தலைவைத்துப் படுக்க ஒரு பெண்ணுக்குத் தகுதி வேண்டுமானால் அவள் வாழ்விழந்து வரவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஒரே ஒரு மகன் இருக்கும் வீட்டுக்கும் அந்தத் தடை பொருந்தும் என்று 1996-இலே உச்ச நீதிமன்றமும் கூறிற்று. அந்த ஒருவன் மனம்வைத்துத் தன்னிடமிருந்தே பிரித்துக்கொள்ளும் நாள் எது என்று கேட்டால் விடை கிடையாது.

வயலைப் பிரிக்கலாம், வங்கிப் பணத்தைப் பிரிக்கலாம், வீட்டை மட்டும் தொடாதே! ஏன்? ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்தாருக்கும் சொத்து என்று இருப்பதே பெரும்பாலும் அந்த ஒரு வீடுதான். அதை ஒதுக்கிவிட்டால், சமபங்கு என்ற சொல் ஏட்டுச் சுரைக்காய். அந்த 23-ஆவது பிரிவு 2005-இலேதான் நீக்கப்பட்டது. 1956-க்கும் 2005-க்கும் இடையே நாற்பத்தொன்பது ஆண்டுகள். ஒரு பெண் பிறந்து, மணந்து, பேத்தியைக் கண்டு, பல் விழுந்து போகும் காலம்!

நம் இயக்கத்தார் இதை 1929-இலேயே கேட்டார்கள். செங்கற்பட்டிலே கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப்போலச் சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. பெரியார் "பெண் ஏன் அடிமையானாள்?" நூலிலே சொத்துரிமைக்கென்று தனியே ஒரு பகுதி வைத்தார். அறுபது ஆண்டு கழித்து, 1989-இலே, கலைஞர் தலைமையிலான அரசு மூதாதையர் சொத்திலும் மகளுக்கு மகனோடு ஒத்த பங்கு என்று தமிழ்நாட்டிலே சட்டத் திருத்தம் செய்தது. ஆந்திரம் 1985-இலே செய்திருந்தது. ஆனால் அந்தத் திருத்தத்திலும் ஒரு வேலி இருந்தது: 1989 மார்ச் 25-க்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு அது இல்லை. அக்காளுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு! மைய அரசின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேலியையும் எடுத்தது. அந்தத் திருத்தம் வந்த நாளிலே தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று எழுந்த ஐயத்தை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை என்று கூறி 2020 ஆகஸ்டிலே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

சரி, உரிமை வந்தாயிற்று. இனி என்ன? இனித்தான் எண்ணிக்கை! நாலில் ஒரு பங்கு என்று சட்டம் சொல்லும். எதில் நாலில் ஒன்று என்று மதிப்பீடுதான் சொல்லும். பின்னத்தின் மேலே இருக்கும் எண்ணுக்காக மூன்று தலைமுறை போராடினோம். கீழே இருக்கும் முழுமையை அண்ணன் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் போராட்டம் என்ன ஆயிற்று?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்காக நானே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. தகப்பனார் தாமே சம்பாதித்து வாங்கிய ஒரு மனை, அதாவது 2400 சதுர அடி. அதிலே முப்பது ஆண்டுக்கு முன் கட்டிய 1000 சதுர அடி வீடு. வாரிசுகள் நால்வர்: அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு அந்தத் தெருவுக்குச் சதுர அடி 2,000 ரூபாய் என்றும், பக்கத்து மனைகள் உண்மையிலே 3,500-க்குக் கைமாறுகின்றன என்றும் கொள்வோம். கட்டடத்தை மதிப்பீட்டாளர் எப்படிப் பார்ப்பார்? இன்று புதிதாகக் கட்டினால் என்ன ஆகும் என்று முதலிலே கணக்கிடுவார். சதுர அடிக்கு 2,000 என்றால் 20 இலட்சம். கட்டடத்தின் ஆயுள் அறுபது ஆண்டு, இடித்தாலும் பத்தில் ஒரு பங்கு தேறும் என்று வைத்து, கழிந்த முப்பது ஆண்டுக்குத் தேய்மானம் 45 விழுக்காடு கழிப்பார். மிஞ்சுவது 11 இலட்சம். மனையோடு சேர்த்தால், வழிகாட்டி மதிப்புப்படி 59 இலட்சம். சந்தை விலைப்படி 95 இலட்சம். நாலில் ஒரு பங்கு, முன்னதிலே பதினாலே முக்கால் இலட்சம். பின்னதிலே இருபத்து மூன்றே முக்கால் இலட்சம். ஒரே வீடு, ஒரே சட்டம், ஒரே பங்கு. ஆனால் தங்கையின் கைக்கு வருவதிலே ஒன்பது இலட்சம் வேறுபாடு! எந்தப் புரட்டும் இல்லை, எந்தப் பொய்யும் இல்லை. எந்த எண்ணை மேசைமேல் வைப்பது என்பது ஒன்றுதான்.

"அரசாங்கமே போட்ட மதிப்பு, இதிலே என்ன குறை?" என்று கேட்பான் அண்ணன். வழிகாட்டி மதிப்பு முத்திரைத்தீர்வை வாங்குவதற்காகப் போட்ட மதிப்பு. நியாயம் வழங்குவதற்காகப் போட்டதன்று. 2017 ஜூன் மாதத்திலே தமிழ்நாட்டில் அந்த மதிப்பு ஒரே நாளிலே 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. அன்று இரவு எந்த வீட்டிலும் ஒரு செங்கல்லும் குறையவில்லை. எந்த மனையும் ஒரு முழம் சுருங்கவில்லை. பிறகு மதிப்பு ஏறவும் செய்தது. அரசின் தேவைக்கு ஏறி இறங்கும் எண்ணைக் கொண்டு உடன்பிறந்தாளின் பங்கை அளப்பது, ரேஷன் கடைப் படியைக் கொண்டு துணியை அளப்பது போன்றது. வங்கி மதிப்பீடும் அப்படியே. கடன் கட்டாமல் போய் ஏலம் விட்டால் எவ்வளவு தேறும் என்பது வங்கியின் கவலை. வருமான வரிக்காரர்கள், 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு வாங்கிய வீடானால், அந்த நாளிலே என்ன மதிப்பு என்று கேட்பார்கள். ஆகையினாலே நல்ல மதிப்பீட்டாளர், வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, "எதற்காக மதிப்பு வேண்டும்?" என்று கேட்கிறார். அது அறம் சார்ந்த கேள்வி. பாகப்பிரிவினைக்கு என்றால், கட்டாயம் எதுவும் இல்லாமல் விற்பவனும், விவரம் அறிந்து வாங்குபவனும், திறந்த சந்தையிலே ஒத்துக்கொள்ளும் விலை எதுவோ அதுவே மதிப்பு. 1953-ஆம் ஆண்டு எஸ்டேட் தீர்வைச் சட்டமும் இந்தத் திறந்த சந்தை அளவையைத்தான் வைத்திருந்தது. இறந்தவர் சொத்திலே வரி வாங்கிய அந்தச் சட்டம் 1985-இலே எடுக்கப்பட்டுவிட்டது. அரசுக்குப் பங்கு இருந்தபோது செத்தவர் வீட்டை அளந்துபார்ப்பது யாருக்கும் பாசத்துரோகமாகத் தோன்றவில்லை. தங்கைக்குப் பங்கு என்றதும் தோன்றுகிறது. விந்தை!

எந்த நாளின் விலை என்பதும் பெரிய கேள்வி. தகப்பனார் இறந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகு பிரிவினை நடக்கிறது. "அப்பா போன அன்று என்ன விலையோ அதிலே உன் பங்கை வாங்கிக்கொள்" என்கிறான் அண்ணன். இருபது ஆண்டிலே விலை நான்கு மடங்காகியிருக்கும். அந்த ஏற்றம் யாருடையது? அவன் உழைத்து ஏற்றியதா? ஊர் வளர்ந்தது, சாலை வந்தது, பேருந்து வந்தது, விலை ஏறிற்று. அந்த இருபது ஆண்டும் வீடு நால்வருடையதாகவே இருந்தது, ஏற்றமும் நால்வருடையதே. அவன் வரி கட்டியிருந்தால், கூரை மாற்றியிருந்தால், மாடி எடுத்திருந்தால், செலவுச் சீட்டைக் காட்டிக் கழித்துக்கொள்ளட்டும். அதோடு, அவன் வாங்கிய வாடகையின் கணக்கையும் காட்டட்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டுவதுதான் கூடாது.

இனி, பகுத்தறிவாளர்களாகிய நாம் நின்று நோக்க வேண்டிய ஓரிடத்துக்கு வருகிறேன். மதிப்பீடு நடக்கும்போது அண்ணன் மெல்ல ஒரு பேச்சை அவிழ்த்துவிடுவான்: "வீடு தெற்குப் பார்த்தது, வாஸ்து சரியில்லை. தெருக்குத்து வேறு இருக்கிறது. அப்பா இறந்தது அவிட்டத்திலே. அடைப்பு உள்ள வீடு. எவன் வாங்குவான்? கால் பங்காவது தள்ளித்தான் போடவேண்டும்." அவிட்டம் முதல் ரேவதி வரையிலான விண்மீன்களிலே உயிர் போனால் வீட்டை மாதக்கணக்கிலே அடைத்துவைக்க வேண்டும் என்பது இங்கு நிலவும் மூடநம்பிக்கை. கோடானுகோடி கல் தொலைவிலே எரியும் விண்மீனுக்கு, கும்பகோணத்திலே ஒரு கிழவர் எந்த அறையிலே கண்மூடினார் என்ற கவலை!

நகைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் மதிப்பீட்டாளர் நகைக்க முடியாது. விலை என்பது செங்கல்லிலே இல்லை, வாங்குபவன் மனத்திலே இருக்கிறது. வாங்குபவன் மூடன் என்றால் மூடத்தனமும் விலையிலே ஏறிக்கொள்கிறது. தெற்கு வாசல் வீட்டுக்கு நூறு பேரிலே அறுபது பேர் விலை குறைத்துக் கேட்டால், அந்த வீட்டின் சந்தை விலை குறைவுதான். நம்பிக்கை பொய், ஆனால் நட்டம் மெய். நாம் என்ன செய்வது? பொய்யை எண்ணிலே ஏற்றுக்கொண்டால் பகுத்தறிவுக்கு இழுக்கு. ஏற்காவிட்டால் கணக்குத் தவறு.

நான் இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். வீட்டை வெளியாருக்கு விற்று வரும் பணத்தை நால்வரும் பகிர்வதானால், வருகிற விலையே விலை. சமூகத்தின் மூடத்தனத்துக்கு நால்வரும் சேர்ந்து தண்டம் கட்டுகிறார்கள். ஆனால் அண்ணனே வீட்டை வைத்துக்கொண்டு மற்றவர் பங்கைப் பணமாகக் கொடுப்பதானால், அந்தத் தள்ளுபடிக்கு அவனுக்கு உரிமை கிடையாது. முப்பது ஆண்டு அதே தெற்கு வாசல் வழியாக வந்துபோனவன் அவன். அதே தெருக்குத்தின் எதிரே உட்கார்ந்து காற்று வாங்கியவன். இனியும் அங்கேதான் வாழப்போகிறான். குறையால் அவனுக்கு ஒரு காசு இழப்பு இல்லை. தள்ளுபடி மட்டும் முழுதாக வேண்டுமாம். அவன் வாஸ்துவை நம்பினால் அந்த வீட்டிலே குடியிருக்கக் கூடாது. நம்பாவிட்டால் தள்ளுபடி கேட்கக் கூடாது. நம்பிக்கையைத் தங்கையின் பங்கிலே மட்டும் செலுத்துவேன் என்பது பக்தியும் அன்று, பகுத்தறிவும் அன்று.

இதைவிடக் கொடிய பொய் ஒன்றும் விலைக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. அது சாதி. வழிகாட்டி மதிப்பு தெருவாரியாகப் போடப்படுகிறது. நம் ஊர்களிலே தெரு என்பது என்ன? பல இடங்களிலே சாதியின் மறுபெயர். ஒரே சூளையிலே வெந்த செங்கல், ஒரே கொத்தனார் கட்டிய சுவர். ஊர்த்தெருவிலே ஒரு விலை, ஒதுக்கி வைக்கப்பட்ட குடியிருப்பிலே ஒரு விலை. அங்கே நிலத்திலே குறையில்லை, நீரிலே குறையில்லை. சாலை போடாதவன் குறை, விளக்கு வைக்காதவன் குறை, பக்கத்திலே குடிவர மறுப்பவன் குறை. அவன் செய்த குறைக்கு இவன் வீட்டிலே விலை குறைகிறது. ஒரு தலைமுறை உழைத்துக் கட்டிய வீடு அடுத்த தலைமுறைக்குப் பங்காகும் நாளிலே, தீண்டாமை என்னும் தொலையாத வாரிசு முதலில் வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மதிப்பீட்டாளரின் நாடா இதைத் திருத்தாது. அதற்கு வேறு போராட்டம் வேண்டும். அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

அண்ணன் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது, அதையும் பேசிவிட வேண்டும். "பத்தாண்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டவன் நான். படுக்கையிலே கிடந்தபோது தூக்கி உட்கார வைத்தவன் நான். மருத்துவச் செலவு என்னுடையது. அவள் தீபாவளிக்கு வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போனாள்." பல வீடுகளிலே இது மெய். தூக்கி உட்கார வைத்தது பெரும்பாலும் அவன் மனைவி என்பதை மட்டும் திருத்திக்கொண்டு, மற்றதை ஒப்புக்கொள்வோம். பேணியவருக்குக் கணக்கிலே இடம் வேண்டாமா? வேண்டும். ஆனால் அது எந்த இடம்? செலவை எழுதட்டும், பொதுச் சொத்திலிருந்து முதலில் எடுத்துக்கொள்ளட்டும். பேணிய உழைப்புக்கு ஈடாக இவ்வளவு வேண்டும் என்று வாய்திறந்து கேட்கட்டும். அந்த உழைப்பைச் செய்த அண்ணியின் பெயரிலேயே கேட்கட்டும். தங்கை மனம் உவந்து ஒப்புவாள், அல்லது பேரம் பேசுவாள். எதுவாயினும் வெளிச்சத்திலே நடக்கும். அதைச் செய்யாமல், 95-ஐ 59 என்று எழுதி, அந்த இடைவெளியிலே தன் தியாகத்தை ஒளித்துவைத்தால், தியாகத்துக்கு எவ்வளவு எடுத்துக்கொண்டான் என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"அவளுக்குப் போட்ட நகையே அவள் பங்கு" என்பது அடுத்த வாதம். 1961-ஆம் ஆண்டு முதல் வரதட்சணை குற்றம். குற்றமாகக் கொடுத்ததைக் கணக்கிலே வரவு வைக்கச் சொல்வது துணிச்சல்தான்! போகட்டும்; அந்த நகையும் ரொக்கமும் யாரிடம் போயின? மாமியார் வீட்டுப் பெட்டிக்குப் போயின. மைத்துனியின் கல்யாணத்துக்குப் போயின. பெண்ணின் பெயரால் ஆணுக்கு ஆண் கொடுத்தது அது. சரி, அதையும் எழுதுவோம் என்றால், அண்ணனைப் பொறியியல் படிக்க வைத்த செலவையும், அவனுக்குக் கடை வைத்துக் கொடுத்த முதலையும் எதிர்ப்பக்கத்திலே எழுதவேண்டும். பேரேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு.

அம்மாவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், கவனித்தீர்களா? நாலில் ஒரு பங்கு அவருடையது. 1956-இலிருந்து அது முழு உரிமை. ஆயுள்வரை சோற்றுக்கு என்று கொடுத்த பிச்சை அன்று. பத்திரத்திலே அவர் கட்டைவிரல் பதியும்போது, எத்தனை இலட்சத்தின்மேல் பதிகிறது என்று யாராவது அவரிடம் சொல்கிறார்களா? மதிப்புப் போட்டால் வீட்டை விற்று அம்மாவைத் தெருவிலே விட்டுவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அளப்பது வேறு, விற்பது வேறு. அம்மா உயிரோடு இருக்கும்வரை வீடு அப்படியே இருக்கட்டும் என்று நால்வரும் முடிவு செய்யலாம்; மிக நல்ல முடிவு. ஆனால் தன் பங்கு இத்தனை இலட்சம் என்று அறிந்த தாய், மகன் வீட்டிலே விருந்தாளியாக இருக்கமாட்டார். தன் வீட்டிலே இருப்பார். மருமகள் கொடுக்கும் காப்பியின் சூடுகூட மாறும் என்பார்கள் அனுபவசாலிகள்.

மதிப்பிலே உடன்பாடு வராவிட்டால் என்ன செய்வது? ஊர்வழக்கிலே ஒரு நுட்பம் இருந்தது: மூத்தவன் பங்கு வைக்கவேண்டும், இளையவன் முதலில் எடுக்கவேண்டும். எது தன் கைக்கு வரும் என்று தெரியாததால் வைப்பவன் நேர்மையாக வைப்பான். வீட்டுக்கும் அதைப் பொருத்தலாம். "இந்த வீடு 59 இலட்சம்தான்" என்று சொல்லும் அண்ணனிடம், "நல்லது அண்ணா, அந்த விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன், உன் பங்கு பதினாலே முக்கால் இலட்சத்தை வாங்கிக்கொள்" என்று தங்கை சொல்லிப் பார்க்கட்டும்! அடுத்த நொடியிலே வீட்டின் மதிப்பு ஏறத் தொடங்கும்; வாஸ்துக்குறை விலகும்; அடைப்பு திறந்துகொள்ளும். வாரிசு ஒருவர் தம் பங்கை விற்க முன்வந்தால் மற்ற வாரிசுகளுக்கே முதல் உரிமை என்றும், பலர் கேட்டால் அதிக விலை தருபவருக்கே அது என்றும் வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவும் கூறுகிறது. ஆனால் இந்தச் சோதனை முழுமையானதன்று. தங்கையிடம் வாங்கப் பணம் இல்லை என்று அண்ணனுக்குத் தெரியும். காசு உள்ளவனுக்கும் இல்லாதவளுக்கும் இடையே "நீ எடு, அல்லது நான் எடுக்கிறேன்" என்பது சமமான ஆட்டம் ஆகாது. ஆகவேதான் இருவரையும் சாராத மூன்றாமவர் ஒருவரின் எழுத்து மதிப்பீடு தேவைப்படுகிறது.

கடைசியாக, நமக்குள்ளே ஒரு பேச்சு. நம்மிலே பலர் வீட்டில் கருமாதி இல்லை, திவசம் இல்லை; படத்திறப்பு நடத்துகிறோம், கறுப்புத் துண்டு போட்டுக்கொண்டு பேசுகிறோம், மறைந்தவர் 1929 மாநாட்டுத் தீர்மானத்தை வாழ்வில் கடைப்பிடித்தவர் என்று புகழ்கிறோம். படத்திறப்பு முடிந்த மூன்றாம் மாதம், அதே வீட்டு மகள், "அன்பினாலும் பாசத்தினாலும்" தன் பங்கை விடுதலை செய்து கொடுத்ததாக ஆவணம் எழுதப்படுகிறது. புரோகிதரை வாசலிலே நிறுத்திவிட்டோம். மனுவைப் பத்திர எழுத்தர் வழியாகக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டுவிட்டோம். "அவளாகத்தான் மனம் உவந்து கொடுத்தாள்" என்பார்கள். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்தது உவந்து கொடுத்ததாகுமா? இருபத்து மூன்றே முக்கால் இலட்சம் என்ற தாளைக் கையிலே கொடுத்து, ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, "வேண்டுமானால் வாங்கிக்கொள், வேண்டாமானால் விட்டுக்கொடு; எதைச் செய்தாலும் பொங்கலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கும்" என்று சொன்ன பிறகு அவள் விட்டுக்கொடுத்தால், அதைக் கொடை என்று நானும் ஒப்புவேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து, கதவுக்குக் கொடுக்கும் விலை. பிறந்த வீட்டு வாசலை மிதிக்க இருபது இலட்சம் நுழைவுக்கட்டணம்!

செய்யவேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வாரிசுச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளரை அண்ணன் மட்டும் அமர்த்த வேண்டாம், தங்கை மட்டும் அமர்த்தவும் வேண்டாம். நால்வரும் சேர்ந்து ஒரே கடிதத்திலே கையெழுத்திட்டு, பாகப்பிரிவினைக்காகச் சந்தை மதிப்பு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கூலியைப் பொதுப்பணத்திலிருந்து கொடுங்கள். பக்கத்திலே அண்மையில் பதிவான விற்பனைகளை அவர் எப்படி ஒப்பிட்டார், தேய்மானம் எவ்வளவு கழித்தார், ஏன் கழித்தார் என்பது அறிக்கையிலே இருக்கவேண்டும். வெறும் எண்ணை ஏற்காதீர்கள். அறிக்கையின் படி நான்காக வரட்டும், அம்மாவுக்கும் ஒன்று. அவருக்கு எழுத்துத் தெரியாவிட்டால், உரக்கப் படித்துக் காட்டுங்கள், பேரப்பிள்ளைகள் கேட்கும்படியாக.